நாலும் எட்டும் ஒட்டிய எலிகள்

மூங்கில்காட்டு எலிகளுக்கு ஒரு தொல்லை வந்தது. பட்டப்பகலில் வந்தது. நீள மூக்கோடு வந்தது. வரும்போது வெறும் வாயோடு வந்து, போகும்போது ஓர் எலிக்குஞ்சைக் கவ்விக்கொண்டு போனது.

அதன் பெயர் கொக்கிமூக்கன். அவன் ஒரு மூஞ்சூறு. தூரத்தில் பார்த்தால் எலி மாதிரி இருப்பான். கிட்டத்தில் பார்த்தாலும் எலி மாதிரிதான் இருப்பான். வாடை ஒன்றுதான் அவனைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் எலிகள் பகலில் தூங்குகிறவை. தூக்கக் கலக்கத்தில் எழுந்து யார் மோந்து பார்ப்பது?

காவல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அது இன்னொரு தொல்லை. காவல் எலிகள் எதிரே வந்த எல்லாரையும் கடித்தன. தலைவர் மீசைநாதரின் மாமனார் விருந்துக்கு வந்தவர், ஒரு காதை வாசலிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். காவலர்கள் அவரைக் கடிப்பதில் மும்முரமாக இருந்தபோது கொக்கிமூக்கன் பக்கத்து வளை வழியாக உள்ளே போய், வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தான். போகிற போக்கில் "நல்ல காவல்" என்று பாராட்டியும் போனானாம்.

இதில் அதிகம் இழந்தவள் நெல்லி. போன மாதம் அவள் கணவனைக் கோட்டான் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு பிறந்த ஏழு குஞ்சுகளில் இரண்டைக் கொக்கிமூக்கன் கொண்டுபோனான். மிச்சம் ஐந்து. ஐந்தும் இன்னும் கண் திறக்கவில்லை. பத்து நாள் போனால் கண் திறந்துவிடும், ஓடக் கற்றுக்கொண்டுவிடும், பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கலாம். அந்தப் பத்து நாளை எப்படித் தாண்டுவது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

மீசைநாதருக்குக் கவலை வந்தால் கூட்டம் போடுவார். மூன்று கூட்டம் போட்டார். மூன்றிலும் தம் மீசையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். நான்காவது கூட்டத்துக்கு முதல் நாள் காலையில் அல்லி வந்து சேர்ந்தாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கட்டிடம் இருந்தது. அங்கே மனிதர்கள் வெள்ளை எலிகளைக் கூண்டுகளில் வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். கூண்டில் பழைய மரத்தூளை மாற்றும்போது அதோடு சேர்ந்து குப்பைக்கூடையில் விழுந்து, கூடையோடு வெளியே வந்தவள் அல்லி. உடம்பெல்லாம் வெள்ளை, கண் சிவப்பு, ஒரு காதில் மூன்று துளை. மூங்கில்காட்டுக் காவலர்கள் அவளைப் பேய் என்று நினைத்துக் கடித்தார்கள். கடித்த பிறகு, பேய்க்கு வலிக்காதே என்று யோசித்தார்கள்.

அல்லி பொறுமைசாலி. "நானும் எலிதாங்க. கடிச்சு முடிச்சாச்சுன்னா உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.

அவள் காவலைப் பற்றி ஏதோ தெரிந்தவள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. நான்காவது கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள்.

அவள் சொன்னது இதுதான். அவளுடைய கூண்டுக்கு மேலே குனிந்துகொண்டு இரண்டு மனிதர்கள் ஒரு வருஷமாக ஒரே விஷயத்தைப் பேசினார்கள். ஒவ்வோர் எலியின் நெஞ்சுக்குள்ளும் இதயத்துக்குச் சற்று மேலே ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அதற்குத் தைமஸ் என்று பெயர். அது ஒரு காவல் பள்ளி. ரத்தத்தில் ரோந்து சுற்றி, உள்ளே நுழைந்த நோயைப் பிடிக்கும் டி செல்கள் என்ற காவலர்கள் அங்கேதான் தயாராகிறார்கள்.

மீசைநாதர் தம் உடம்பைக் குனிந்து பார்த்தார். "இங்கயா?" என்று தொட்டுக் காட்டினார்.

"அது தொப்பைங்க. இன்னும் கொஞ்சம் மேல."

கூட்டம் முழுவதும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. தங்களுக்குள்ளே ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

அல்லி தொடர்ந்தாள். அந்தச் செல்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும்போது மேலே இந்தக் காவல் அடையாளம் எதுவும் இருக்காது. பள்ளிக்குள் கொஞ்ச நாள் இருந்ததும் மேல்பரப்பில் இரண்டு அடையாளங்கள் முளைக்கும். ஒன்றின் பெயர் நாலு. இன்னொன்றின் பெயர் எட்டு. இரண்டும் சேர்ந்து இருக்கிற செல் பாதிப் படிப்பில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு இரண்டு பரீட்சை. தன் வீட்டாரை அடையாளம் தெரிகிறதா என்பது முதல் பரீட்சை. தெரிந்த வீட்டாரைக் கடிக்காமல் இருக்கிறதா என்பது இரண்டாவது. இரண்டிலும் தேறியதன் மேலிருந்து ஓர் அடையாளம் மறைந்துவிடும். நாலு மட்டும் மிஞ்சினால் அது மற்றவரைக் கூவி அழைத்து ஏவும் காவல். எட்டு மட்டும் மிஞ்சினால் அது நேரே போய்க் கடிக்கும் காவல்.

"எத்தனை பேர் தேறுவாங்க?" என்று ஒரு காவல் எலி கேட்டது.

"நூறு பேர் போனா ரெண்டோ மூணோ வெளிய வரும்."

"மிச்சப் பேரு?"

"அங்கேயே செத்துடும்."

கூட்டத்தில் நிறையப் பேருக்கு ஒரே சமயத்தில் இருமல் வந்தது. தோற்றவர்கள் சாக வேண்டாம், காட்டுக் கிழங்கு தோண்டப் போகட்டும் என்று மீசைநாதர் உடனே தீர்ப்புச் சொன்னார். இருமல் நின்றது.

உண்மையைச் சொன்னால், அவர் பரீட்சையைப் பற்றிய பகுதியைச் சரியாகக் கேட்கவே இல்லை. அடையாளம் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். நம் நெஞ்சுக்குள்ளேயே நடக்கிற முறை என்றால் அது நம் பரம்பரை முறைதானே என்றார். நாளையிலிருந்து காவலர்களுக்கு அடையாளம் உண்டு என்று அறிவித்தார். கைதட்டலில் மூங்கில் அதிர்ந்தது.

மறுநாள் நாற்பது எலிகள் பயிற்சி வளைக்கு வந்தன. வலது தோளில் ஓர் ஆவாரம்பூ இதழ் ஒட்டினார்கள், அது நாலு. இடது தோளில் ஒரு குன்றிமணி ஒட்டினார்கள், அது எட்டு. ஒட்டுவதற்குக் கருவேலம் பிசின். பள்ளிக்குள் இருக்கிற இளம் செல்லுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு, வெளியே வரும்போது அதுவும் உதிர்ந்துவிடும் என்று அல்லி சொல்லியிருந்தாள். அதற்காக வாலில் ஒரு புல் வளையம் மாட்டினார்கள். நாற்பது பேரும் ஓடைத் தண்ணீரில் தங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டார்கள். அன்று வேறு எந்தப் பயிற்சியும் நடக்கவில்லை.

முதல் வரிசையில் நின்றவன் சூரப்பல். நெல்லியின் கணவனுக்குத் தம்பி. பல் நீளம், பேச்சு அதைவிட நீளம். அவனுக்குத்தான் அந்தக் கணக்கு முதலில் தோன்றியது.

"நாலும் எட்டும் எவ்வளவு?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான்.

"பன்னிரண்டு."

"அப்ப நான் பன்னிரண்டு!"

அந்த வார்த்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடியது. நாற்பது பேரும் பன்னிரண்டு ஆனார்கள். நடை மாறியது. சாதாரண எலிகளைப் பார்த்தால் மூக்கை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் அல்லி பரீட்சைக்கு எல்லாம் தயார் செய்துவிட்டு அவர்களைக் கூப்பிட்டாள். யாரும் நகரவில்லை. சூரப்பல் மட்டும் முன்னால் வந்தான், ஒரு சந்தேகம் இருப்பதாக.

"அக்கா, இப்ப நான் பன்னிரண்டு. பரீட்சையில தேறினா என்ன ஆவேன்?"

"ஒண்ணு உதிரும். நாலா இருப்பே, இல்லேன்னா எட்டா இருப்பே."

"தோத்தா?"

"கிழங்கு தோண்டப் போவே."

"பரீட்சைக்கே வரலைன்னா?"

அல்லி இதை எதிர்பார்க்கவில்லை. "இப்படியே இருப்பே" என்றாள்.

"அப்ப இப்படியே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவன் போய் வெயிலில் படுத்துக்கொண்டான். மற்ற முப்பத்தெட்டுப் பேரும் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். முப்பத்தெட்டா, முப்பத்தொன்பதா என்று கணக்குப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், மீதி ஒருவன் பின்னால் வருவான்.

நாலு, எட்டு என்பது வெறும் பெயர், மனிதர்கள் தங்கள் பட்டியலில் வைத்த வரிசை எண், அதைக் கூட்டவும் கூடாது கழிக்கவும் கூடாது என்று அல்லி தொண்டை வற்றச் சொன்னாள். மீசைநாதரிடம் போய் முறையிட்டாள். அவர் தோளில் ஓர் இதழும் ஒரு குன்றிமணியும் இருந்தன. தலைவருக்குக் காவலர்களைவிடக் குறைவாக இருந்தால் நன்றாயிருக்காது என்று அவருடைய மனைவி ஒட்டிவிட்டாளாம்.

அதற்குப் பிறகு ஊர் போன போக்கைக் கேட்க வேண்டாம். பெண் கொடுக்க வந்தவர்கள், மாப்பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். வாசலில் காவல் நின்றவர்கள் வருகிறவர்களின் தோளைத்தான் பார்த்தார்கள். மூக்கு எதற்கு இருக்கிறது என்பதே மறந்து போயிற்று. இதழும் விதையும் காய்ந்து விழுந்தால் புதிதாக ஒட்டிக்கொள்ள நேரம் ஒதுக்கினார்கள். காவலுக்கு நேரம் இல்லை.

நெல்லிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

அவள் அல்லியைத் தேடி வந்தாள். "அக்கா, பன்னிரண்டோ பத்தோ எனக்கு வேணாம். அவன் வந்தா எனக்குத் தெரியணும். நான் கத்தினா யாராச்சும் வரணும். அதுக்கு என்ன பரீட்சையோ அதை எனக்கு வைங்க" என்றாள்.

பெண் எலி காவலுக்கு வந்த வழக்கம் அந்த ஊரில் இல்லை. அல்லி வந்த ஊரில் எந்த வழக்கமும் இல்லை, ஆகவே அவள் யோசிக்கவில்லை. முறைப்படி இதழும் விதையும் புல் வளையமும் நெல்லிக்குப் போட்டாள். பிறகு ஐந்து வைக்கோல் பொட்டலங்களை அவள் முன்னால் வைத்தாள். நான்கு மூங்கில்காட்டு வளைகளிலிருந்து எடுத்தது. ஒன்று கொக்கிமூக்கன் வெயில் காய்கிற பாறைக்கு அடியிலிருந்து எடுத்தது.

நெல்லி முதல் நான்கையும் மோந்து, இது இன்னார் வீடு, இது இன்னார் வீடு என்று வரிசையாகச் சொன்னாள். ஐந்தாவதிடம் மூக்கைக் கொண்டுபோனதும் அவள் போட்ட கீச்சு மூங்கில் உச்சியில் இருந்த கொக்கை எழுப்பிவிட்டது.

இரண்டாவது பரீட்சைக்கு அல்லி ஊர்ச் சித்தி ஒருத்தியை அழைத்து வந்திருந்தாள். அவளிடம் அரைமணி நேரம் இருந்துவிட்டுக் கடிக்காமல் வந்தவர்கள் குறைவு. சித்தி நெல்லியின் வாலை மிதித்தாள். மீசையைப் பிடித்து இழுத்தாள். குஞ்சுகளை ஏன் இப்படி மெலிய விட்டிருக்கிறாய் என்று கேட்டாள். உன் மாமியார் இருந்திருந்தால் என்று ஒரு கதையைத் தொடங்கினாள். நெல்லியின் பல் ஒரு கணம் வெளியே தெரிந்தது. பிறகு உள்ளே போய்விட்டது.

"எப்படிப் பொறுத்துக்கிட்டே?" என்று அல்லி கேட்டாள்.

"அஞ்சு புள்ளைங்க நாள் பூரா என் வயித்தைப் பிச்சுத் திங்குது. இதெல்லாம் ஒரு கடியா?"

அன்று பரீட்சைக்கு இன்னும் ஒருவன் வந்திருந்தான். அவன்தான் அந்த மீதி ஒருவன், கோணவாலன். கிழங்கு தோண்டுகிறவன். நாற்பது பேரில் கடைசி ஆளாக நின்றவன். அவன் வால் பிறவியிலேயே இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. அதைச் சொல்லி ஊரே அவனைச் சீண்டி வளர்த்ததால், சித்தி சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. ஐந்தாவது பொட்டலத்தை மோந்ததும் அவன் கத்தவில்லை. சத்தம் போடாமல் அதைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

அல்லிக்கு மனம் நிறைந்தது. கத்தினவளிடமிருந்து எட்டை எடுத்தாள். கிழித்தவனிடமிருந்து நாலை எடுத்தாள். பிசினோடு கொஞ்சம் மயிரும் வந்தது. இருவரின் வாலிலிருந்தும் புல் வளையத்தை அறுத்துப் போட்டாள். "முடிஞ்சது. நீங்க ரெண்டு பேரும் இனிமே காவல்" என்றாள்.

ஊர் சிரித்தது. பன்னிரண்டிலிருந்து நாலுக்கு இறங்கியவள் என்று நெல்லிக்குப் பெயர் வந்தது. சூரப்பல் அவள் வளைக்கே வந்து வருத்தப்பட்டான்.

"என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க. உங்களால நான் வெளிய தலைகாட்ட முடியலை" என்றான்.

"தலையைக் காட்டிக்கிட்டு வாசல்ல நில்லு தம்பி. அது போதும்" என்றாள் நெல்லி.

அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

இதையெல்லாம் பாறைக்குப் பின்னாலிருந்து கொக்கிமூக்கன் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் இரண்டு நாள் அவனுக்குப் பயம்தான். அடையாளம் எல்லாம் போட்டுப் பெரிய படை வந்துவிட்டது என்று நினைத்தான். மூன்றாம் நாள்தான் கவனித்தான். வாசலில் நிற்கிறவர்கள் தோளைப் பார்க்கிறார்கள், யாரும் மோந்து பார்ப்பதில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆவாரஞ்செடி அவன் வீட்டுப் பக்கத்திலும் பூத்திருந்தது. குன்றிமணிக் கொடியும் இருந்தது. பிசினுக்கா பஞ்சம்?

ஓர் இதழ் ஒட்டினான். ஒரு குன்றிமணி ஒட்டினான். கையில் இன்னொரு குன்றிமணி மிச்சம் இருந்தது. அதை வீணாக்குவானேன் என்று அதையும் ஒட்டிக்கொண்டான்.

மறுநாள் உச்சிவெயிலில் அவன் முதன்முறையாக முன்வாசல் வழியாகவே வந்தான். சூரப்பலும் ஆறேழு பேரும் அங்கே நின்றார்கள். வந்தவனின் தோளைப் பார்த்தார்கள். விரல் விட்டு எண்ணினார்கள்.

"நாலு, எட்டு, இன்னொரு எட்டு" என்றான் ஒருவன். "இருபதுடா."

எல்லாரும் வாலைத் தரையில் படியவைத்து வணங்கினார்கள். ஐயா எங்கிருந்து வருகிறார் என்று சூரப்பல் பணிவாகக் கேட்டான்.

"மேலிடம்" என்றான் கொக்கிமூக்கன். "குஞ்சுங்க எல்லாம் பத்திரமா இருக்கான்னு பாத்துட்டுப் போகச் சொன்னாங்க."

ஒரு காவலனின் மூக்கு மட்டும் துடித்தது. ஐயா மேல் ஏதோ வாடை அடிக்கிறதே என்று அவன் பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தான். பெரியவர்கள் மேல் அப்படித்தான் அடிக்கும் என்று பதில் வந்தது. எந்த வளையிலிருந்து தொடங்கலாம் என்று கொக்கிமூக்கன் கேட்டான்.

சூரப்பல் நெஞ்சை நிமிர்த்தினான். நம் குடும்பத்துக்கு முதல் மரியாதை கிடைக்கட்டும் என்று நினைத்தான். "எங்க அண்ணி வீட்டிலேருந்தே ஆரம்பிங்க ஐயா. அஞ்சு குஞ்சு இருக்கு" என்று வழியும் காட்டினான். ஐயாவுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று அந்த வளைக்குப் போகும் பாதையை மறித்துக்கொண்டு காவலும் நின்றான்.

நெல்லி அப்போது கிழக்கு வாயிலில் இருந்தாள். காற்று உள்ளேயிருந்து வெளியே வீசியது. அதில் அந்த வாடை இருந்தது. ஐந்தாவது பொட்டலத்தின் வாடை. வந்த வழியே பறந்தாள்.

தன் வீட்டுப் பாதையில் சூரப்பலும் ஆறு பேரும் நிற்பதைக் கண்டாள்.

"வழி விடு தம்பி. அவன் உள்ள இருக்கான்."

சூரப்பல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தான். ஒரே ஓர் இதழ்தான் இருந்தது. "உள்ள பெரியவங்க இருக்காங்க. பன்னிரண்டுக்குக் குறைஞ்சவங்களுக்கு அனுமதி இல்லை" என்றான்.

"நான் உன் அண்ணிடா."

"அடையாளம் எங்க?"

அவள் அவனைத் தள்ளிக்கொண்டு நுழையப் பார்த்தாள். ஏழு பேரும் பாய்ந்து கடித்தார்கள். காதில் ஒருவன், தோளில் ஒருவன், காலில் ஒருவன். சூரப்பலின் நீளப்பல் அவள் கழுத்தில் இறங்கியது. அவளுக்கும் பல் இருந்தது. திருப்பிக் கடித்திருந்தால் இரண்டு பேரின் கண்ணாவது போயிருக்கும். அந்தச் சண்டை முடிவதற்குள் ஐந்து குஞ்சுகளும் போயிருக்கும். அவள் கடிக்கவில்லை. ஏழு பேர் மேலே கிடக்க, மூச்சு உள்ள மட்டும் சேர்த்துக் கீச்சிட்டாள்.

அந்தச் சத்தத்தைக் காடே கேட்டது. கேட்டு வந்தவன் ஒருவன்தான்.

கோணவாலன் மேற்குப் பக்கம் மூங்கில் வேருக்கடியில் இருந்தான். பாதையில் கூட்டம் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் பாதைக்கு வரவே இல்லை. கிழங்கு தோண்டுகிற நகம் எதற்கு இருக்கிறது? வேரோடு வேராகத் தோண்டிக்கொண்டு நெல்லியின் வளைச் சுவரைப் பிளந்து உள்ளே விழுந்தான். கொக்கிமூக்கன் ஒரு குஞ்சை அப்போதுதான் வாயில் கவ்வியிருந்தான். கோணவாலன் அந்த நீள மூக்கை நடுவில் பிடித்துப் பல்லை இறுக்கினான்.

குஞ்சு கீழே விழுந்தது. கொக்கிமூக்கன் அலறிக்கொண்டு மூக்கை உருவிக்கொண்டு ஓடினான். பாதையில் நின்ற காவலர்கள் நெல்லியை விட்டுவிட்டுச் சட்டென்று எழுந்து வணங்கினார்கள். "அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா ஐயா?" என்று சூரப்பல் கேட்டான். ஐயா மூக்கிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட ஓடினான். ஓட்டத்தில் இதழ் பறந்தது. இரண்டு குன்றிமணியும் உருண்டன. அடையாளம் போனதும் அவர்கள் கண்ணுக்கு ஒரு மூஞ்சூறு தெரிந்தது. அப்போதுதான் அந்த ஏழு பேருக்கும் வாடை அடித்தது.

நெல்லி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். இருட்டில் மூக்கால் தடவித் தடவி எண்ணினாள். ஐந்தும் இருந்தன. கீழே விழுந்ததற்கு மட்டும் காலில் ஒரு கீறல். அவள் அதை நக்கிவிட்டு, அங்கேயே படுத்து அழுதாள்.

மாலையில் கூட்டம். மீசைநாதர் நடந்ததை விசாரித்தார். சூரப்பலைப் பார்த்து உறுமினார். பிறகு கோணவாலனையும் நெல்லியையும் முன்னால் அழைத்தார். பாதையில் கிடந்த குன்றிமணியை யாரோ பொறுக்கிக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் தூக்கிப் பிடித்தார்.

"இந்த வீரத் தாயை நாலோட விட்டுவைக்க எனக்கு மனசில்லை. இன்னையிலேருந்து நெல்லி பன்னிரண்டு!" என்றார்.

அல்லி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

நெல்லி முன்னால் வந்தாள். "வேணாங்க தலைவரே. எடுத்ததைத் திரும்ப ஒட்டினா நான் திரும்பவும் பாதிப் படிப்புக்குத்தான் போகணும். வீட்டுல புள்ளைங்க இருக்கு, எனக்கு நேரமில்லை" என்றாள்.

மீசைநாதருக்குப் புரிந்ததோ இல்லையோ, கையைக் கீழே இறக்கிவிட்டார். தம் தோளைப் பார்த்தார். பிறகு தாமே பிசினைப் பிய்த்துக்கொண்டார். வலித்தது. மீசை துடித்தது.

அல்லி நெல்லியின் காயங்களுக்கு மருந்து வைக்க உட்கார்ந்தாள். பச்சிலையைக் கசக்கிக்கொண்டே வாய்விட்டு எண்ணினாள். காதில் ஒன்று, கழுத்தில் ஒன்று, தோளில் இரண்டு, காலில் மூன்று. ஏழு காயம். மூஞ்சூறு போட்டது அதில் ஒன்றுகூட இல்லை.

சூரப்பல் தள்ளி நின்று அதைக் கேட்டான். இரண்டு அடையாளத்தையும் தோளிலிருந்து பிய்த்துக் கீழே போட்டான். மண்வெட்டி நகம் தனக்கு இல்லை, ஆனாலும் நாளையிலிருந்து கிழங்கு தோண்டப் போகிறேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"முதல்ல இங்க வா" என்றாள் நெல்லி. "வந்து என்னை மோந்து பாரு. இதுதான் உன் அண்ணியோட வாடை. தெரிஞ்சுக்கிட்டுப் போ."

அவன் வந்தான். குனிந்து மோந்தான். நீளப்பல்லை உதட்டுக்குள் மறைத்துக்கொண்டு வெகுநேரம் மோந்துகொண்டே இருந்தான்.

தோளில் எத்தனை அடையாளம் ஏறினாலும், தன்னவரை மோந்தறிந்து கடிக்காமல் விடவும் தனக்கு வேண்டாததை உதிர்த்துவிடவும் தெரிந்தவரே காவலுக்கு முதிர்ந்தவர்.